பாராளுமன்றத்தின் இறைமையும் மனச்சான்றின் குரலும்

பிரித்தானிய அரசியலைப் பயிலும் மாணவர் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ளதுபோல், ‘இதோ எங்கள் அரசியலமைப்பு’ என்று கையில் எடுத்துக் காட்டத்தக்க ஒரே நூல் அந்நாட்டுக்கு இல்லை. சட்டங்கள் உண்டு, நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு, எந்த ஏட்டிலும் எழுதப்படாத மரபுகளும் உண்டு. இவை அனைத்தும் சேர்ந்தே அங்கு அரசியலமைப்பு எனப்படுகின்றன. ஆகவே பாடநூல்கள் சில அடிப்படைச் சொற்களைக் கொண்டு அதனை விளக்க முற்படுகின்றன. பாராளுமன்ற இறைமை, சட்டத்தின் ஆட்சி, அரசியல் மரபு, அமைச்சர் பொறுப்பு, எதிர்க்கட்சி என்னும் ஐந்தும் அவற்றுள் தலையாயவை.

மாணவர்கள் இவற்றை மனனம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், பின்னர் மறந்துவிடுகின்றனர். வரையறையாக மட்டும் வந்து சேரும் சொல் நெஞ்சில் தங்குவதில்லை. ஆனால் இச்சொற்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பெரும் வழக்கு நிற்கின்றது. சிலவற்றின் பின்னே குருதியும் படிந்துள்ளது. கத்தோலிக்கராகிய நாம் இவற்றை ஊன்றிக் கற்பதற்குத் தனியொரு காரணமும் இருக்கின்றது. சுதந்திரத்தின் தாய்வீடு எனப் போற்றப்படும் அந்தப் பாராளுமன்றத்திலிருந்து, நூற்றைம்பது ஆண்டுகள் சட்டப்படியே விலக்கி வைக்கப்பட்டவர்கள் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்ட மக்கள். அக்கதவு 1829-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மேற்கூறிய ஐந்து சொற்களும் ஒருசேரச் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி அது. அதனை நடுவில் வைத்து இச்சொற்களைச் சற்றே சிந்திப்போம்.

கிளேர் தேர்தல்

1828-ஆம் ஆண்டு அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் ஓர் இடைத்தேர்தல் நடைபெற்றது. அத்தொகுதியின் உறுப்பினரான பிட்ஸ்ஜெரால்டு புதிதாக அமைச்சராக்கப்பட்டார். அமைச்சர் பதவி ஏற்பவர் மீண்டும் மக்களிடம் சென்று வாக்குப் பெறவேண்டும் என்பது அக்காலச் சட்டம். அவரை எதிர்த்து நின்றவர் டேனியல் ஓகானல் என்னும் கத்தோலிக்க வழக்குரைஞர். கத்தோலிக்கர் தேர்தலில் நிற்பதற்குத் தடையில்லை. வெற்றி பெற்றாலும் அவையில் அமர இயலாது என்பதே நிலை. ஏனெனில் 1678-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவையில் அமரும் ஒவ்வொருவரும் திருப்பலியில் அப்பமும் இரசமும் பொருள்மாற்றம் அடைகின்றன என்னும் விசுவாசத்தை மறுத்து உறுதி கூறவேண்டும்.

வாக்காளரில் பெரும்பாலோர் சிறு குத்தகை உழவர்கள். ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் உடையோருக்கு வாக்குரிமை இருந்தது. இரகசிய வாக்கெடுப்பு 1872-ஆம் ஆண்டில்தான் வந்தது. எனவே இவ்வுழவர்கள் நிலக்கிழாரின் கண்முன்னே, பலர் அறிய, வாய்விட்டுச் சொல்லி வாக்களிக்க வேண்டியிருந்தது. குத்தகை பறிபோகும் என்று தெரிந்திருந்தும் அவர்கள் தங்கள் பங்குக் குருக்களோடு அணியணியாகச் சென்று ஓகானலுக்கு வாக்களித்தனர். எதிர்த்து நின்றவரைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று ஓகானல் வென்றார். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரைச் சட்டம் வாயிலில் நிறுத்துகின்றது. இந்நிலையில் பிரித்தானிய அரசு என்ன செய்யும்?

இறைமை என்னும் சொல்

தமிழில் ‘இறை’ என்னும் சொல் பொருள் செறிந்தது. கடவுளைக் குறிக்கும்; அரசனைக் குறிக்கும்; அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். அரசனின் சிறப்பைக் கூறும் திருக்குறள் அதிகாரத்தின் பெயர் ‘இறைமாட்சி’. ஆகவே இறைமை என்று நாம் சொல்லும்போதே, ‘யாருடைய இறைமை?’ என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

பாராளுமன்ற இறைமை என்பதற்குத் தெளிவான விளக்கம் தந்தவர் டைசி என்னும் ஆக்ஸ்போர்டு சட்டப் பேராசிரியர். 1885-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் கூறிய கருத்து இதுவே: பாராளுமன்றம் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், எந்தச் சட்டத்தையும் நீக்கலாம், அது இயற்றிய சட்டத்தைத் தள்ளிவைக்கும் உரிமை வேறெவருக்கும் இல்லை. இங்கே பாராளுமன்றம் என்பது மன்னர், பிரபுக்கள் சபை, காமன்ஸ் சபை ஆகிய மூன்றும் இணைந்தது.

இவ்வளவு பெரிய அதிகாரம் அதற்கு எவ்வாறு வந்தது? அதன் வளர்ச்சியில் 1534-ஆம் ஆண்டு ஒரு முக்கியமான படி. எட்டாம் ஹென்றி உரோமையோடு உறவை முறித்துத் தம்மையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக் கொள்ள விரும்பினார். அதனைத் தம் தனி ஆணையால் அவர் செய்யவில்லை. பாராளுமன்றச் சட்டத்தால் செய்தார். மன்னர் தம் விருப்பத்துக்குக் கருவியாகப் பயன்படுத்திய சபை, அதனாலேயே வலிமை பெற்று வளர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அது மற்றொரு மன்னரையே எதிர்த்து நின்றது.

அந்த இறைமைக்கு எல்லை உண்டா என்னும் வினாவை அப்போதே எழுப்பியவர் புனித தாமஸ் மோர். 1523-ஆம் ஆண்டில் காமன்ஸ் சபையின் சபாநாயகராகவும், 1529 முதல் 1532 வரை நாட்டின் தலைமை நீதி அமைச்சராகவும் இருந்தவர் அவர். 1534-ஆம் ஆண்டுச் சட்டங்கள் கோரிய உறுதிமொழியை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டார். சிறையில் அவரிடம் ரிச்சர்டு ரிச் என்னும் அரசு வழக்கறிஞர் உரையாடினார். பாராளுமன்றம் தம்மை அரசனாக்கினால் ஏற்பீரா என்று ரிச் கேட்டார். ஏற்பேன் என்றார் மோர். பின்னர், கடவுள் கடவுளல்லர் என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றினால் என்ன செய்வீர் என்று மோர் திருப்பிக் கேட்டார். அப்படியொரு சட்டத்தை இயற்ற இயலாது என்று ரிச்சும் ஒப்புக்கொண்டார். 1535 ஜூலை 6 அன்று மோர் தலை வெட்டப்பட்டு மடிந்தார். அவருக்கு இரு வாரங்களுக்கு முன் ராச்செஸ்டர் ஆயர் புனித ஜான் பிஷரும் அவ்வாறே உயிர் நீத்தார்.

வரலாற்றை நேர்மையோடு படிப்பவர் இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். மோர் தாம் பதவியில் இருந்தபோது சமயக் கொள்கையில் மாறுபட்டோரைக் கடுமையாக ஒடுக்கினார். பின்னர் கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில், 1555 முதல் 1558 வரை, ஏறத்தாழ 280 சீர்திருத்த சபையினர் தீயிலிடப்பட்டனர். அந்நெருப்பின் நினைவு ஆங்கிலேயர் மனத்தில் பல தலைமுறைகள் அணையாமல் இருந்தது. பின்னாளில் நம்மவரை விலக்கிய சட்டங்களுக்கு அந்த அச்சமும் ஒரு காரணம் என்பதை நாம் மறைக்கலாகாது.

சட்டத்தின் ஆட்சி

ஆளுவோரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்பது இரண்டாவது கருத்து. இதன் வேரை 1215-ஆம் ஆண்டில் காண்கிறோம். ஜான் மன்னர் பிரபுக்களுக்கு வழங்க நேர்ந்த மகா சாசனம், நாட்டின் சட்டப்படியோ தம்மையொத்தோரின் தீர்ப்புப்படியோ அன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தலாகாது என்று கூறிற்று. இச்சாசனம் உருவாவதில் கான்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டனுக்குப் பெரும் பங்கு இருந்தது. அதே ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று கூறி அதனைச் செல்லாததாக்கினார் என்பதும் உண்மையே. திருச்சபையின் ஒரு கை எழுத உதவியதை மற்றொரு கை அழிக்க முயன்றது. எனினும் அச்சாசனம் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டு நிலைபெற்றது.

1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் மன்னர் ஐந்து உறுப்பினரைக் கைது செய்யப் படைவீரருடன் காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். அவர்கள் எங்கே என்று கேட்டபோது, சபாநாயகர் லென்தால் மண்டியிட்டு, இச்சபை பணித்தாலன்றிக் காணத் தமக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்னும் கருத்துப்பட விடை கூறினார். அன்றுமுதல் எந்த மன்னரும் அச்சபைக்குள் அடியெடுத்து வைத்ததில்லை. இன்றும் பாராளுமன்றத் தொடக்கவிழாவில் மன்னரின் தூதர் வரும்போது அவர் முகத்துக்கு நேரே காமன்ஸ் சபையின் கதவு சாத்தப்படுகின்றது; அவர் மும்முறை தட்டிய பின்னரே திறக்கப்படுகின்றது.

1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், பாராளுமன்றத்தின் ஒப்புதலின்றி மன்னர் சட்டங்களை நிறுத்திவைக்கவோ வரி விதிக்கவோ கூடாது என்று உறுதி செய்தது. 1701-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், மன்னர் நினைத்தவுடன் நீதிபதியை நீக்க முடியாதபடி செய்தது. உலகம் முழுவதும் பாராட்டும் ஏற்பாடுகள் இவை. ஆனால் இவ்விரண்டு சட்டங்களே கத்தோலிக்கர் எவரும் அரியணை ஏறலாகாது என்றும் விதித்தன. ஒரே தாளில் உரிமையும் விலக்கும் அருகருகே எழுதப்பட்டன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சட்டத்தின் ஆட்சி இருப்பதனால் மட்டும் நீதி இருக்கின்றது என்று சொல்லிவிட முடியாது. முறைப்படி இயற்றப்பட்டு, முறைப்படி நடைமுறைப்படுத்தப்படும் சட்டமும் மனிதரை நசுக்கலாம். எனினும் சட்டத்தின் ஆட்சி உள்ள இடத்தில்தான் அநீதியான சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாற்றச் சொல்ல வழி இருக்கின்றது. ஓகானல் கண்டுகொண்ட உண்மை அதுவே.

மரபு

மூன்றாவது கருத்தைப் புரிந்துகொள்ள ஒரு தந்தையையும் மகனையும் ஒப்பிட்டாலே போதும். 1801-ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் அயர்லாந்தும் ஒன்றாக இணைந்தபோது, பிரதமர் பிட் கத்தோலிக்கருக்கு உரிமை வழங்க விரும்பினார். தாம் முடிசூட்டு விழாவில் அளித்த உறுதிமொழிக்கு அது மாறானது என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மறுத்தார். பிட் பதவி விலகினார், மன்னர் வேறொரு பிரதமரைத் தேடிக்கொண்டார், ஆட்சி தொடர்ந்தது.

28 ஆண்டுகள் கழித்து அவர் மகன் நான்காம் ஜார்ஜ் அதே காரணத்தைக் கூறி மறுத்தார். 1829 மார்ச் 4 அன்று பிரதமர் வெல்லிங்டனும் அமைச்சர்களும் பதவி விலக முன்வந்தனர். ஆனால் இம்முறை மாற்று அமைச்சரவை அமைக்கத்தக்கவர் எவரும் மன்னருக்குக் கிடைக்கவில்லை. அன்றிரவே அவர் இணங்கிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 13 அன்று சட்டத்துக்கு ஒப்புதலும் அளித்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே எந்தச் சட்டமும் மன்னரின் அதிகாரத்தைக் குறைக்கவில்லை. நடைமுறை மாறியிருந்தது. மரபு என்பது இதுதான். மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்த கடைசி மன்னர் ஆன் அரசி. அது 1708-ஆம் ஆண்டு. மறுக்கலாகாது என்று எந்தச் சட்டமும் இன்றுவரை சொல்லவில்லை. ஆயினும் எவரும் மறுப்பதில்லை. 1867-ஆம் ஆண்டில் வால்டர் பேஜட் என்னும் எழுத்தாளர், மன்னருக்கு எஞ்சியிருப்பவை ஆலோசிக்கப்படும் உரிமை, ஊக்குவிக்கும் உரிமை, எச்சரிக்கும் உரிமை ஆகிய மூன்றுமே என்று விளக்கினார். மரபை மீறியவனுக்கு நீதிமன்றம் தண்டனை விதிப்பதில்லை. அதைக் காப்பது ஆட்சியாளரின் நாணமும் மக்களின் விழிப்புமே. இவை இரண்டும் குறைந்த நாட்டில் மரபு ஒரே நாளில் சரிந்துவிடும்.

பொறுப்பு

அமைச்சர்கள் தம் செயலுக்குப் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பானவர்கள். அமைச்சரவை ஒன்றாக நிற்கும் அல்லது ஒன்றாக விலகும் என்பது நான்காவது கருத்து. 1829-ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சராக இருந்த ராபர்ட் பீல் பல ஆண்டுகளாகக் கத்தோலிக்கர் உரிமையை எதிர்த்து வந்தவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்த எதிர்ப்பு ஒரு காரணம். கிளேர் தேர்தலுக்குப் பின், உரிமையை மறுத்தால் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூளும் என்று அவர் உணர்ந்தார். கருத்தை மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொண்டபின் அவர் செய்தது கவனிக்கத்தக்கது. தம்மை எதற்காக அனுப்பினார்களோ அதற்கு மாறாக நடக்கப்போவதால், தம் இடத்தைத் துறந்து மீண்டும் அதே வாக்காளரிடம் சென்றார். அவர்கள் அவரைத் தோற்கடித்தனர். வேறொரு சிறு தொகுதியின் வழியாக அவைக்குத் திரும்பி, தாம் முன்பு எதிர்த்த மசோதாவைத் தாமே முன்மொழிந்தார்.

வாட்டர்லூ போரில் வென்ற வெல்லிங்டனோ இதன் பொருட்டுத் தம்மை இழித்துரைத்த வின்சில்சி பிரபுவுடன் துப்பாக்கியேந்தி ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கே சென்றார். நல்வேளையாக இருவருக்கும் காயமில்லை. இவர்கள் கத்தோலிக்கர்மேல் அன்பு கொண்டு இதனைச் செய்தவர்களல்லர். கட்சியையும் பெயரையும் இழக்க நேரினும் நாட்டின் அமைதிக்குத் தேவையானதைச் செய்யவேண்டும் என்று எண்ணினர். பதவியைப் பற்றிக்கொள்வதற்காகக் கருத்தை மாற்றுவோரை எந்நாட்டிலும் காண்கிறோம். கருத்து மாறியதற்காகப் பதவியைப் பணயம் வைப்போர் எங்கும் அரியரே.

எதிர்க்கட்சி

ஆளுங்கட்சியை எதிர்ப்பது நாட்டை எதிர்ப்பதாகாது என்பது ஐந்தாவது கருத்து. 1826-ஆம் ஆண்டில் ஹாப்ஹவுஸ் என்னும் உறுப்பினர் ‘மன்னரின் எதிர்க்கட்சி’ என்னும் தொடரை அவையில் பயன்படுத்தியபோது பலர் நகைத்தனர். அத்தொடரே பின்னர் நிலைத்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசுச் செலவிலேயே ஊதியம் வழங்கியது. தன்னைக் குறைகூறுவோருக்கு அரசே படியளக்கும் ஏற்பாடு முதிர்ந்த அரசியலின் அடையாளம் எனலாம்.

ஓகானல் அவைக்கு வெளியே நின்றே இத்தகைய எதிர்ப்பை வளர்த்தார். 1823-ஆம் ஆண்டில் அவர் அமைத்த கத்தோலிக்கக் கழகம், அடுத்த ஆண்டு முதல் ஏழை உழவரிடமிருந்து மாதம் ஒரு பென்னி சந்தா திரட்டியது. சட்டத்துக்கு உட்பட்டு, குருதி சிந்தாமல், எண்ணிக்கையின் வலிமையால் வெல்ல முடியும் என்று அவர் நம்பினார். 1829 மே மாதம் காமன்ஸ் சபைக்கு வந்தபோது, புதிய சட்டம் தமக்குப் பொருந்தாது என்று கூறிப் பழைய உறுதிமொழியையே அவர் முன் நீட்டினர். அதனைப் படித்துப் பார்த்து, அதில் ஒரு கூற்று பொய் என்று தாம் அறிவதாகவும், மற்றொன்று உண்மையன்று என்று தாம் நம்புவதாகவும் கூறி மறுத்தார். மீண்டும் கிளேருக்குச் சென்று, போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1830-ஆம் ஆண்டில் அவையில் அமர்ந்தார். அமர்ந்தபின் தம் மக்களுக்காக மட்டும் அவர் பேசவில்லை. அடிமைமுறைக்கு எதிராகவும், யூதருக்கும் அவையில் இடம் வேண்டும் என்றும் வாதாடினார். யூதருக்கு அக்கதவு 1858-ஆம் ஆண்டில்தான் திறந்தது.

வெற்றியின் விலை

விடுதலைச் சட்டத்தோடு சேர்த்து மற்றொரு சட்டமும் அதே நாளில் நிறைவேறியது. அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் வாக்குரிமைக்கான நிலமதிப்பு 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுனாக, அதாவது ஐந்து மடங்காக, உயர்த்தப்பட்டது. கிளேரில் நிலக்கிழாரின் முகத்துக்கு நேரே துணிந்து வாக்களித்த ஏழை உழவரில் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தனர். வசதி படைத்த கத்தோலிக்கர் அவைக்குள் நுழைந்தனர். அவர்களுக்குக் கதவைத் திறந்தவர்கள் வெளியே விடப்பட்டனர். இந்த நிகழ்ச்சியை வெற்றி விழாவாக மட்டும் நாம் கொண்டாட இயலாததற்கு இதுவே காரணம். ஒரு சமூகம் தன் உரிமையைப் பெறும்போது, அதற்காகத் தோள்கொடுத்த எளியோரை மறந்துவிடும் ஆபத்து என்றும் உண்டு.

எஞ்சிய தடைகள் மெல்ல மெல்லவே நீங்கின. தாமஸ் மோர் வகித்த அதே தலைமை நீதி அமைச்சர் பதவியைக் கத்தோலிக்கரும் வகிக்கலாம் என்பதை 1974-ஆம் ஆண்டுச் சட்டமே ஐயமறத் தெளிவாக்கியது. கத்தோலிக்கரை மணப்பவர் அரியணை உரிமையை இழக்கும் நிலை, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்தபோது நீங்கியது. கத்தோலிக்கர் அரியணை ஏறலாகாது என்னும் விதி மட்டும் நீடிக்கின்றது.

இறைமையின் எல்லை இன்று

பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பிரித்தானிய நீதிமன்றங்கள் இன்றும் செல்லாததாக்குவதில்லை. 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டத்தின்கீழ், ஒரு சட்டம் மனித உரிமைக்கு முரணானது என்று அறிவிக்க மட்டுமே உயர் நீதிமன்றங்களால் முடியும். திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் ஆட்சியாளரை நீதிமன்றம் கட்டுப்படுத்தும். 2019-ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தை ஐந்து வாரங்கள் கூடாதபடி முடக்க அரசியாருக்குப் பிரதமர் அளித்த ஆலோசனை சட்டத்துக்குப் புறம்பானது என்று, செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசரின் சிறப்பதிகாரத்துக்கும் சட்டமே எல்லை வகுக்கும் என்ற 1611-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அவர்கள் அப்போது எடுத்துக்காட்டினர்.

நம் நாடு பிரித்தானியாவிடமிருந்து அமைச்சரவைப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. பாராளுமன்ற இறைமையை எடுத்துக்கொள்ளவில்லை. எழுதப்பட்ட அரசியலமைப்பையே மேலே வைத்தது. அதன் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றமும் சிதைக்கலாகாது என்று 1973-ஆம் ஆண்டில் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. சிறைக்கூடத்தில் மோர் எழுப்பிய வினாவுக்கு வேறொரு நாடு வேறொரு காலத்தில் கூறிய விடையாக இதனை நாம் கொள்ளலாம்.

எனினும் ஏட்டில் எழுதிய விடை மட்டும் எந்த நாட்டையும் காப்பாற்றிவிடாது. பொய்யென்று அறிந்த உறுதிமொழியை மறுத்த ஓகானலும், வாக்காளரிடம் திரும்பிச் சென்ற பீலும், மண்டியிட்டும் பணியாத லென்தாலும், நிலக்கிழாரின் முன்னே வாய் திறந்த பெயரறியா உழவர்களும் அவரவர் இடத்தில் நின்றதனால்தான் மேற்கண்ட ஐந்து சொற்களும் உயிர் பெற்றன. அவர்களுள் சிலர் நம் விசுவாசத்தினர். சிலர் அதனை எதிர்த்தவர்கள். நம் இல்லங்களில் அரசியல் பயிலும் இளையோர் இச்சொற்களை மனனம் செய்யட்டும். கூடவே, வாக்குரிமையை இழந்த அந்த உழவர்களைப் பற்றியும் பெற்றோர் அவர்களுக்குச் சொல்லித் தருதல் நன்று.